பந்து நேராகத்தான் வந்தது, கதவு ஏன் சுற்றியது?

"நேரா வர்ற பந்துக்கு ஏது சார் கோண உந்தம்?"

காரைக்குடியில் சாயங்காலம் என்னிடம் இயற்பியல் படிக்க வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருடம் தவறாமல் இதைக் கேட்டுவிடுவார்கள். இந்த வருடம் கேட்டது பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். நுழைவுத்தேர்வுக் கணக்கு ஒன்று: திறந்து நிற்கும் கதவின்மேல் ஒரு பந்து மோதி அப்படியே ஒட்டிக்கொள்கிறது, கதவு எவ்வளவு வேகத்தில் சுற்றும்? அவள் உந்தம் (நிறை × வேகம்) மாறாது என்று எழுதி, கடகடவென்று போட்டு, ஒரு விடையும் கொண்டுவந்திருந்தாள். விடை தப்பு. கோண உந்தத்தை வைத்துப் போட வேண்டும் என்று நான் சொன்னதும்தான் அந்தக் கேள்வி வந்தது. பந்து சுற்றவே இல்லையே, அதற்கு எப்படிக் கோண உந்தம்?

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பாடம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. புத்தகத்தில் ஒரு அட்டவணை வரும். இந்தப் பக்கம் விசை என்றால் அந்தப் பக்கம் திருப்பு விசை, இங்கே நிறை என்றால் அங்கே நிலைமத் திருப்புத்திறன் (சுற்றவைக்க எவ்வளவு கஷ்டம் என்பதன் அளவு), இங்கே உந்தம் என்றால் அங்கே கோண உந்தம். அட்டவணை சரிதான், மனப்பாடம் செய்யவும் சுலபம். ஆனால் ஒன்றை அது மறைத்துவிடுகிறது. வலது பக்கம் இருக்கும் இந்த மூன்றையும் "எந்த அச்சைப் பற்றி" என்று சொல்லாமல் சொல்லவே முடியாது. ஒரு மூட்டையின் எடை என்ன என்று கேட்டால் ஒரே பதில்தான். அதன் நிலைமத் திருப்புத்திறன் என்ன என்று கேட்டால், எதைச் சுற்றி என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை பிள்ளைகள் இந்தப் பாடத்தில் செய்யும் தப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருகிறவை.

சரி, கதவுக்கு வருவோம். என் அப்பத்தா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தார், லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். முகப்பைத் தாண்டினால் வரும் அந்தப் பர்மா தேக்குக் கதவுக்குக் கீல் கிடையாது. மேலேயும் கீழேயும் மரத்திலேயே செதுக்கிய குடுமி, கீழ்க்குடுமி உட்கார ஒரு குழி, சத்தம் வந்தால் அந்தக் குழியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார்கள். நான் குடுமிப் பக்கம் நின்றுகொண்டு முழு பலத்தோடு தள்ளுவேன், கதவு அசையாது. அப்பத்தா ஒரு கையில் குடத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கையின் இரண்டு விரலால் கதவின் ஓரத்தைத் தொட்டுத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். "ஓரத்துல கைய வச்சுத் தள்ளுடா." திருப்பு விசை என்பது அவ்வளவுதான்: எவ்வளவு விசை, அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில், இரண்டையும் பெருக்கினால் வருவது. குடுமியிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கொடுக்கும் விசை, 60 செ.மீ. தள்ளிக் கொடுக்கும் அதே விசையில் ஆறில் ஒரு பங்கு வேலைக்குத்தான் ஆகும். கதவின் ஓரத்தைப் பிடித்துக் குடுமியை நோக்கியே நேராக அழுத்தினால், எத்தனை பேர் சேர்ந்து அழுத்தினாலும் திருப்பு விசை பூஜ்யம். அந்த விசையின் கோடு அச்சின் வழியாகவே போகிறது. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

கோண உந்தத்துக்கும் இதே சூத்திரம்தான். விசைக்குப் பதில் உந்தம். நிறையையும் வேகத்தையும் பெருக்கி, அந்தப் பாதையின் கோடு அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறது என்ற தூரத்தால் மறுபடி பெருக்க வேண்டும். இதில் "சுற்றுகிறது" என்ற வார்த்தையே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவகோட்டை ரோட்டில் நீங்கள் ஓரமாக 3 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், ஒரு பஸ் நேராகப் போகிறது. உங்களைப் பற்றி அந்த பஸ்ஸுக்குக் கோண உந்தம் உண்டு. தூரத்தில் வரும்போதும், உங்களைத் தாண்டும்போதும், தாண்டிப் போன பிறகும், வேகம் மாறாத வரை அது ஒரே அளவுதான், ஏனென்றால் அந்த 3 மீட்டர் விலகல் மாறவே இல்லை. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றால் உங்கள் தலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் திரும்புகிறதே, அதுதான் அதற்குச் சாட்சி. நடு ரோட்டில் பஸ்ஸின் பாதையிலேயே நிற்பவருக்கோ அதே பஸ்ஸின் கோண உந்தம் பூஜ்யம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கதவின் ஒரு பலகை 60 செ.மீ. அகலம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், 5 செ.மீ. கனம். தேக்காக இருந்தால் சுமார் 40 கிலோ வரும். ஒரு ஓரத்தைப் பற்றிச் சுற்றும் பலகையின் நிலைமத் திருப்புத்திறன் நிறை × அகலத்தின் வர்க்கம் ÷ 3, அதாவது 4.8 (கிலோகிராம், மீட்டர் அலகுகளில்). கிரிக்கெட் பந்து 160 கிராம், வேகம் நொடிக்கு 20 மீட்டர். குடுமியிலிருந்து 55 செ.மீ. தள்ளி மோதினால் அது கொண்டுவரும் கோண உந்தம் 0.16 × 20 × 0.55, அதாவது 1.76. உந்தம் என்பது நிறை × வேகம் மாதிரி, சுற்றும் கதவின் கோண உந்தம் நிலைமத் திருப்புத்திறன் × சுற்றும் வேகம், அதனால் 1.76-ஐ 4.8-ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 0.37 ரேடியன், 21 டிகிரி. கண்ணுக்குத் தெரியும்படி கதவு அசையும். அதே பந்து 10 செ.மீ. தள்ளி மோதினால் நொடிக்கு 4 டிகிரிகூட வராது.

அந்தப் பெண் ஏன் தப்பாகப் போட்டாள் என்பது இனிமேல்தான் தெரியும். பந்தின் உந்தம் 0.16 × 20 = 3.2. ஓரத்தில் மோதிய பிறகு கதவின் மையம் நொடிக்கு சுமார் 0.11 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, 40 கிலோவால் பெருக்கினால் 4.4. பந்து கொண்டுவந்ததே 3.2, கதவிடம் இருப்பது 4.4! மீதி எங்கிருந்து வந்தது? குடுமியிலிருந்து. ஓரத்தில் அடி விழும்போது கதவு தன் நடுவைச் சுற்றித் திரும்பப் பார்க்கிறது. அப்படியானால் குடுமி முனை பந்து வந்த திசைக்கு எதிராக நம்மை நோக்கி வர வேண்டும். குழி அதை வரவிடாமல் முன்பக்கமாகத் தள்ளுகிறது. பந்தோடு சேர்ந்து வீட்டுச் சுவரும் கதவைத் தள்ளியது என்று அர்த்தம். 10 செ.மீ. கணக்கில் இது தலைகீழ். கதவின் உந்தம் 0.8 மட்டுமே வரும், பாக்கி 2.4-ஐக் குடுமி எதிர்த்துத் தடுத்துவிட்டது.

அப்படியானால் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் குடுமி ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இங்கே 40 செ.மீ. போட்டுப் பாருங்கள்: கோண உந்தம் 1.28, சுற்றும் வேகம் 0.267, கதவின் மைய வேகம் 0.08, உந்தம் சரியாக 3.2. பந்து கொடுத்தது அப்படியே கதவில் இருக்கிறது. மட்டையின் சரியான இடத்தில் பந்து பட்டால் கை அதிராது, நுனியில் பட்டால் கை விண்ணென்று வலிக்கும், கிரிக்கெட் ஆடிய எல்லாருக்கும் இது தெரியும். அங்கே நம் கைதான் குடுமி. கதவு சுவரில் இடிக்காமல் இருக்க ரப்பர் கட்டை வைப்பவர்கள் அதைக் கதவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைத்தால், கதவு வேகமாக வந்து மோதினாலும் கீல் அதிராது.

ஆகக் குடுமி எவ்வளவு தள்ளும், எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் சாதாரண உந்தத்தை வைத்து இந்தக் கணக்கைத் தொடங்க வழியில்லை. ஆனால் குடுமியையே அச்சாக எடுத்துக்கொண்டால், அது கொடுக்கும் விசை எதுவானாலும் அச்சின் வழியாகவே போகிறது, திருப்பு விசை பூஜ்யம். தெரியாத விசை கணக்கிலிருந்து தானாகக் கழன்றுவிடுகிறது. வெளியிலிருந்து திருப்பு விசை இல்லாவிட்டால் கோண உந்தம் மாறாது என்ற விதியின் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. தெரியாத விசை எங்கே இருக்கிறதோ அங்கே அச்சைப் போட வேண்டும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் தன் நோட்டில் கதவுப் படத்தில் குடுமியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.

அடுத்து நிலைமத் திருப்புத்திறன். பெயர்தான் பயமுறுத்துகிறது. ஒரு பொருளைச் சுற்றவைக்க எவ்வளவு கஷ்டம், சுற்ற ஆரம்பித்த பிறகு நிறுத்த எவ்வளவு கஷ்டம், அதன் அளவு அது. நிறை எவ்வளவு என்பதோடு, அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கமும் சேரும். தூரம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்கு. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் இப்போது அலங்காரத்துக்கு விற்கிற திருகையை ஒரு தடவை கையால் சுற்றிப் பாருங்கள். முளைக்குப் பக்கத்தில் இருக்கும் கல் லேசாகத் திரும்பிவிடும், விளிம்பில் இருக்கும் கல்தான் முரண்டு பிடிக்கும். ஆனால் ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால் அந்த விளிம்புதான், நாம் கைமாற்றும் நேரத்தில்கூட, உளுந்தை உடைத்துக்கொண்டே போகிறது. கைப்பிடியை விளிம்பில் அடித்து வைத்தவருக்குத் திருப்பு விசை என்ற பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை, அவர் கை அதை அறிந்திருந்தது.

வீட்டிலேயே ஒரு பந்தயம் வைக்கலாம். ஒன்றரை மீட்டர் பலகையின் ஒரு முனையை 15 செ.மீ. உயர்த்துங்கள். ஒரு கோலி, ஒரு டார்ச் பேட்டரி, ஒரு துண்டு மெல்லிய பி.வி.சி. பைப். மூன்றையும் ஒன்றாக உருட்டிவிட்டால் கோலிதான் முதலில் வரும், பிறகு பேட்டரி, கடைசியில் பைப். கணக்குப்படி கோலிக்கு சுமார் 2.07 நொடி, பேட்டரிக்கு 2.14, பைப்புக்கு 2.47. எது கனம், எது பெரிது என்பது இந்தப் பந்தயத்தில் ஒரு பொருட்டே இல்லை, பெரிய கோலியும் சின்னக் கோலியும் சேர்ந்தேதான் வரும். நிறை நடுவில் குவிந்திருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. பைப்புக்கு எல்லா நிறையும் விளிம்பில், அதனால் கிடைக்கும் ஆற்றலில் பாதியைச் சுற்றுவதற்கே செலவழித்துவிடுகிறது.

சுழல் நாற்காலிச் சோதனையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாக. கையை விரித்து இரண்டு கையிலும் 2 கிலோ படிக்கல்லோடு ஒருவரை உட்காரவைத்துச் சுற்றிவிட்டு, கையை உள்ளே இழுக்கச் சொன்னால் வேகம் எகிறும். கல் 80 செ.மீ. தூரத்தில் இருந்தபோது இரண்டுக்கும் சேர்த்து நிலைமத் திருப்புத்திறன் 2.56. 20 செ.மீ.க்கு வந்தால் 0.16. உடம்பும் நாற்காலியும் சேர்ந்து ஒரு 1.5 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4.06-லிருந்து 1.66 ஆகிறது, வேகம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இதில் பிள்ளைகள் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. கோண உந்தம் மாறவில்லை, ஆனால் இயக்க ஆற்றல் மாறியிருக்கிறது, அதுவும் இரண்டரை மடங்கு ஏறியிருக்கிறது. அந்த ஆற்றல் கல்லை உள்ளே இழுத்த கையிலிருந்து வந்தது. இழுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும், கல் வரமாட்டேன் என்று வெளியே இழுக்கும்.

இதையே வேப்பமரத்து ஊஞ்சலில் குழந்தைகள் யாரும் சொல்லித்தராமல் செய்கிறார்கள். நின்றுகொண்டு ஆடும் பிள்ளையைக் கவனியுங்கள், ஊஞ்சல் கீழே வரும்போது எழுந்து நிமிரும், இரண்டு உச்சியிலும் முட்டியை மடக்கி உட்காரும். ஊஞ்சல் அடியில் இருக்கும் நொடியில் கயிறு இழுப்பதும் பூமி இழுப்பதும் ஒரே செங்குத்துக் கோட்டில், அந்தக் கோடு மேலே கிளையைத் தொடுகிறது. கிளையைப் பற்றித் திருப்பு விசை இல்லை, கோண உந்தம் மாறாது. அந்த நொடியில் எழுந்தால் உடம்பின் மையம் கிளைக்குப் பக்கத்தில் போகிறது. 2.5 மீட்டர் 2.2 ஆனால் வேகம் 13, 14 சதவீதம் கூடும், அடுத்த உச்சி இன்னும் உயரம். முட்டி கொடுத்த வேலைதான் உயரமாக மாறுகிறது. அடியில் உட்கார்ந்து உச்சியில் எழுந்தால் ஆட்டம் அடங்கிவிடும், செய்து பாருங்கள்.

இதுவரை பார்த்ததில் அச்சு ஒரே திசையில் இருந்தது. பம்பரத்தில்தான் அச்சே திரும்புகிறது, இந்தப் பாடத்திலேயே அழகான இடம் அதுதான். சுற்றாத பம்பரம் சாய்ந்தால் விழுகிறது. சுற்றும் பம்பரம் சாய்ந்தால் விழாமல், சாய்ந்தபடியே மெல்ல வட்டமடிக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விட்டுப் பார்த்திருக்கிறேன் (ஆணி கல்லைக் கீறும் என்று அப்பத்தா விரட்டுவார்), வழவழப்பான தரை, ரொம்ப நேரம் நிற்கும், தரையில் இருக்கும் கட்டங்களை வைத்துப் பம்பரத்தின் தலை எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போகிறது என்று எண்ணிவிடலாம். முதலில் தலை நிதானமாக வட்டமடிக்கும். சுற்று குறையக் குறைய தலையாட்டம் வேகமாகும். கடைசியில் பேயாட்டம் ஆடி விழும்.

ஏன் இப்படி? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு கல்லை உள்பக்கமாகத்தான் இழுக்கிறது, ஆனால் கல் உள்ளே வந்து விழுவதில்லை, அதன் போக்கின் திசை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே பக்கவாட்டில் அதற்கு ஒரு பெரிய உந்தம் இருக்கிறது, கயிறு கொடுப்பது அதோடு சேர்ந்து அதைத் திருப்புகிறது. பம்பரத்திலும் அதேதான். கோண உந்தத்துக்குத் திசை உண்டு, அது பம்பரத்தின் அச்சு வழியாக நிற்கிறது. பூமியின் இழுப்பு கொடுக்கும் திருப்பு விசையின் திசை, அச்சு சாய்ந்திருக்கும் பக்கத்துக்குச் செங்குத்தாக, தரைக்கு இணையாக இருக்கிறது. ஆக ஒவ்வொரு நொடியும் கோண உந்தத்தின் முனை பக்கவாட்டில் தள்ளப்படுகிறது, கீழே அல்ல. அச்சு அதன் பின்னாலேயே போகிறது. சுற்று வேகமாக இருந்தால் கோண உந்தம் பெரிது, அதே திருப்பு விசையால் அதைக் கொஞ்சம்தான் திருப்ப முடியும். வேகம் பாதியானால் தலையாட்டம் இரண்டு மடங்கு. பம்பரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமேதான் தலையும் வட்டமடிக்கும், சாட்டையை மாற்றிச் சுற்றிவிட்டுச் சரிபார்க்கலாம்.

பம்பரத்தைச் சொன்னதும் சைக்கிள் விழாமல் ஓடுவதும் இதனால்தானே என்று கேட்பார்கள். நிறைய இடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆனால் அது முழு உண்மை இல்லை. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு சக்கரத்தை மாட்டி, கோண உந்தத்தை அடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார், ஓட்ட முடிந்தது. 2011-இல் ஓர் ஆய்வுக் குழு அதே மாதிரி சக்கரங்களின் கோண உந்தத்தை ரத்து செய்த ஒரு சின்ன சைக்கிளைக் கட்டித் தள்ளிவிட்டார்கள், ஆளே இல்லாமல் தானாக நிமிர்ந்து ஓடியது. கோண உந்தம் உதவுகிறது, அது இல்லாமலும் சைக்கிள் நிற்கும். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

மறுபடி அச்சுக்கே வருகிறேன், இந்த முறை சூரியனை அச்சாக வைத்து. சூரியன் பூமியை இழுக்கும் விசை எப்போதும் சூரியனை நோக்கியே, கதவின் ஓரத்திலிருந்து குடுமியை நோக்கி அழுத்தியது மாதிரி. திருப்பு விசை பூஜ்யம். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில், 14.71 கோடி கி.மீ., வேகம் நொடிக்கு 30.29 கி.மீ. ஜூலை தொடக்கத்தில் மிகத் தொலைவில், 15.21 கோடி கி.மீ., வேகம் 29.29. இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கிப் பாருங்கள்: 445.6, 445.5. கோள் பக்கத்தில் வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் போகிறது என்று கெப்ளர் 1609-இல் வெளியிட்ட விதி, நாற்காலியில் கையை இழுத்த விஷயம்தான்.

பம்பரம் விழுந்த பிறகு அதன் கோண உந்தம் எங்கே போனது என்பதையும் அந்தப் பெண் கேட்டாள். ஆணி தரையை உரசியது, தரை ஆணியை உரசியது. பம்பரம் இழந்த கோண உந்தம் தரைக்கும் காற்றுக்கும், அவை வழியாக மொத்தப் பூமிக்கும் போய்விட்டது. பூமி அவ்வளவு பெரிது, அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் இதே உரசல் பெரிய அளவில் நடக்கும்போது அளக்க முடிகிறது. நிலா இழுப்பதால் கடல் ஏறுகிறது, இறங்குகிறது, நமக்குக் கிழக்கே தொண்டிப் பக்கமும்தான். பூமி அந்த நீர்மேட்டுக்கு அடியில் உரசிக்கொண்டே சுற்றுகிறது, அதனால் அதன் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, ஒரு நூற்றாண்டுக்கு ஒரு நாளின் நீளம் சுமார் 2 மில்லிநொடி கூடுகிறது. பூமி இழக்கும் கோண உந்தம் நிலாவுக்குப் போகிறது, நிலா விலகிப் போகிறது. 1969-இல் அப்பல்லோ 11-இல் போனவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் லேசரைப் பட்டுத் திரும்பவைத்து இதை அளக்கிறார்கள். வருடத்துக்கு 3.8 செ.மீ.